சுழலாத பெயாரிங் ஏன் தேய்ந்தது: மூன்று சில்லு மோட்டார் சைக்கிள் ஒன்றின் சில்லுவேலை

வலது பின் சில்லைக் கடைசியாகத் திருத்திப் பூட்டிய பிறகு வண்டி 2,100 கிலோமீற்றர் ஓடிவிட்டது. சத்தமும் சூடும் இல்லை. இதே சில்லு ஆவணிக்கும் மார்கழிக்கும் இடையில் இரண்டு சோடி புதுப் பெயாரிங்கை முடித்தது. காரணம் பிடிபட்டு, அதற்கான வேலை சித்திரை வரை தாங்கிய பிறகுதான் எழுதத் துணிவு வந்தது. கால் இழந்தவர்களுக்காக மாற்றியமைத்த மூன்று சில்லு வண்டிகளில் இந்த அமைப்பு உண்டு. வன்னியில் இப்படியான வண்டியைக் கையில் எடுப்பவர்களுக்கு முதல் ஆறாயிரம் ரூபாவாவது மிஞ்சட்டும்.

முதலில் வண்டியின் அமைப்பு. அது தெரியாமல் மிச்சம் விளங்காது. முன்பக்கம் சாதாரண 100 சிசி மோட்டார் சைக்கிள், பழசாக வாங்கியது. பின்பக்கம் 25 மி.மீ. உருக்கு அச்சு ஒன்று, சட்டத்தில் போல்ட் அடித்த இரண்டு பிளமர் புளொக்கில் (இரும்புக் கூட்டோடு வரும் பெயாரிங்) சுழல்கிறது. நெல்லு மில்லிலும் அரைக்கிற மெசினிலும் வரும் அதே யுசிபி 205 வகைதான், எனவே கிளிநொச்சியில் தேடி அலையத் தேவையில்லை. செயின் அச்சின் நடுவிலுள்ள ஸ்பொக்கற்றை (பல்லுச்சில்லு) இழுக்கிறது. சில்லு இரண்டும் ஓட்டோவின் 4.00-8 ரயர். இடது சில்லு சாவி (சில்லையும் அச்சையும் பிணைக்கும் உருக்குத் துண்டு) போட்டு அச்சோடு இறுக்கியது. வலது சில்லு மட்டும் அதே அச்சின்மேல் இரண்டு 6205 பெயாரிங்கில் (உள்வளையம், வெளிவளையம், நடுவில் உருளும் குண்டுகள்) சுயமாகச் சுழலும்படி நிற்கிறது. இரண்டு சில்லையும் இறுக்கினால் வளைவில் ஒன்று இழுபடும். இரண்டு சில்லையும் வேறுவேறு வேகத்தில் சுழல விடும் டிபரன்சியல் போடச் செலவு அதிகம். ஒன்றை விட்டுவிடுவது மலிவான, நல்ல வழிதான். அந்தச் சில்லை எதில் விட்டார்கள் என்பதில்தான் பிழை.

ஆவணியில் வண்டி வந்தபோது 25 கி.மீ. வேகத்தில் பின்னால் உறுமல். போத்தல் ஜக்கில் சட்டத்தை உயர்த்தி, இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து, முன் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துச் சோதித்தோம். ஜக்கை மட்டும் நம்பி இந்த வண்டிக்குக் கீழே கையை விடக்கூடாது, சட்டம் ஒரு பக்கம் சரியும். சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து மாறி மாறித் தள்ளி இழுக்க, வலது ரயரின் விளிம்பு 6 மி.மீ. ஆடியது. இடது சில்லை ஆட்டினால் அச்சே சேர்ந்து ஆடியது, அதாவது பிளமர் புளொக்கும் முடிந்துவிட்டது. முன் சில்லில் ஆட்டம் இல்லை. ஆனால் கையால் மெதுவாகச் சுற்றும்போது கற்கண்டு கடிப்பது போன்ற கரகரப்பு. நீளமான ஸ்குறூ றைவரின் நுனியை ஹப்பில் (பெயாரிங் இருக்கும் சில்லின் நடுக்கூடு) வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் எது அழுகிறது என்று வடிவாகத் தெரியும்.

முன் சில்லில் இரண்டு, வலது பின் சில்லில் இரண்டு, பிளமர் புளொக் இரண்டு, ஆறையும் மாற்றுவது என்று முடிவு. அது சரியான முடிவுதான்.

முன் சில்லு இலகு. இந்த வண்டியில் 6301 இரண்டு, அளவு 12, 37, 12 மி.மீ. வண்டியின் மாதிரியைச் சொல்லிக் கேட்காமல், கழற்றியதன் விளிம்பில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய வண்டிக்கு யார் எந்த ஹப்பைப் போட்டிருப்பார்கள் என்று தெரியாது. றப்பர் மூடி இரண்டு பக்கமும் உள்ளதை, அதாவது 2ஆர்எஸ் என்று அடித்திருப்பதைக் கேளுங்கள். தகட்டு மூடி கிறவல் புழுதிக்குப் போதாது.

அச்சை உருவியதும், உள்ளே இரண்டு பெயாரிங்குக்கும் நடுவில் நிற்கும் இடைக்குழாயை ஒரு பக்கம் தள்ளினால் உள்வளையத்தின் விளிம்பு தெரியும். அதில் மொட்டைக் கம்பியை வைத்து, ஓரிடத்திலேயே அடிக்காமல் சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும். ஓரிடத்தில் அடித்தால் பெயாரிங் சரிந்து, அலுமினிய ஹப்பைக் கீறிக்கொண்டு வரும். வர மறுத்தால் கொதிநீரில் நனைத்த சாக்கை ஹப்பில் ஐந்து நிமிடம் சுற்றி வைக்கப் போதும். காஸ் சுவாலை தேவையில்லை. இப்படி உள்வளையத்தில் அடித்து எடுத்த பெயாரிங் நல்லதாகத் தெரிந்தாலும் திரும்பப் போடக்கூடாது.

பூட்டும்போது எதிர்மாறு: வெளிவளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும். இதற்குச் சிறந்த ஆயுதம் கழற்றிய பழைய பெயாரிங்கின் வெளிவளையமே. கிறைண்டரில் அதன் வெளிச்சுற்றைச் சொட்டுத் தேய்த்துவிட்டால் ஹப்புக்குள் மாட்டிக்கொள்ளாது. புதுப் பெயாரிங்கைப் பொலித்தீனில் சுற்றி இரண்டு மணித்தியாலம் பிறிட்ஜின் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் பாதி வேலை குறையும். சுற்றாமல் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்க்கும், அந்த ஈரம் கறளாகும்.

முதற் பக்கத்தை அடிவரை இறக்கவும். பிறகு இடைக்குழாய். அதை மறந்துவிட்டு மற்றப் பக்கத்தை அடித்து இறக்கினால் திரும்பவும் பெயாரிங் வாங்க வேண்டிவரும். இரண்டாம் பக்கத்தை, உள்வளையம் இடைக்குழாயைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். குழாய் தானாகக் கிலுங்கக்கூடாது, விரலால் தள்ளினால் நகர வேண்டும். வேக மீற்றர் கம்பியின் பல்லு வோசரைத் திருப்பி வைத்தவர்கள் பலர். அதன் காது ஹப்பின் பள்ளத்தில் விழுந்ததா என்று பார்த்துவிட்டு அச்சை இறுக்குங்கள்.

பிளமர் புளொக்கில் மினக்கெட வேண்டியிருந்தது. வலது பக்கம் உள்வளையம் அச்சிலேயே வழுக்கிச் சுழன்றிருந்தது. அந்த இடத்தில் அச்சு 24.85 மி.மீ., தேயாத இடத்தில் 24.97. அச்சில் பொட்டுப் பொட்டாகப் பஞ்ச் அடித்துத் தடிப்பாக்குவது ஊர்வழக்கம். ஒரு மாதம் தாங்கும், பிறகு பொட்டுகள் நசிந்துவிடும். அதைச் செய்யவில்லை. சட்டத்தில் போல்ட் ஓட்டைகளை 20 மி.மீ. உள்ளே தள்ளித் துளைத்து, புளொக்கைத் தேயாத இடத்துக்கு மாற்றினோம். உள்வளையத்தைப் பிடிக்கும் தலையில்லாத இரண்டு சின்ன அலன் ஸ்குறூக்களும் இறங்கும் இடத்தில் அச்சில் 1 மி.மீ. குழி துளைத்தால் அவை வழுக்காது.

இரண்டு புளொக்கும் இருக்கும் தட்டுகள் ஒரே மட்டத்தில் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கத்தை இறுக்கினால் மறுபக்கத்தின் அடியில் 1.5 மி.மீ. வெளிச்சம். இந்த வகைப் பெயாரிங் தன் கூட்டுக்குள் சற்றுச் சரிந்து கொடுக்கும் என்றாலும், அதை நம்பி வளைந்த சட்டத்தில் இறுக்கக்கூடாது. தகடு வெட்டி அடியில் கொடுத்து, நான்கு போல்ட்டையும் பாதி இறுக்கி, அச்சைக் கையால் இருபது சுற்றுச் சுற்றி, அது தன் இடத்தைப் பிடித்த பிறகு முழுதாக இறுக்கியது. செயின் போடாமல் ஒரு விரலால் சுற்றினால் அச்சு சுழல வேண்டும்.

வலது ஹப். உள்ளே பெயாரிங் அமரும் இரண்டு படிகளுக்கும் இடைத்தூரம் 58.0 மி.மீ. கழற்றிய இடைக்குழாய் 57.2. குழாய் 0.8 மி.மீ. கட்டையானால் அச்சு முனை நட்டை இறுக்கும்போது இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுபடும், குண்டுகள் பக்கவாட்டில் நசிபடும். காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டு, லேத்தில் (கடைசல் மெசின்) 58.1க்குப் புதுக்குழாய் வெட்டி, புது 6205 இரண்டு போட்டு வண்டியைக் கொடுத்தாயிற்று. அந்தக் குழாய் பிழைதான். ஆனால் அது ஒன்று மட்டுமே பிழை என்று எண்ணியதுதான் முதல் சறுக்கல்.

முதற் சுற்றின் செலவு: 6301 இரண்டு 1,900 ரூபா, 6205 இரண்டு 2,300, பிளமர் புளொக் இரண்டு 5,600, இடைக்குழாய் 1,200, கிறீஸ் 650. மொத்தம் 11,650.

ஐப்பசியில், 1,350 கி.மீ. ஓடிய பிறகு, வலது ஹப் திரும்ப உறுமியது. முன் சில்லும் பிளமர் புளொக்கும் புதிதுபோலவே இருந்தன. வலது பெயாரிங்கின் றப்பரைக் கிளப்பிப் பார்த்தால் கிறீஸ் செங்கபில நிறம். ஒட்டுசுட்டான் பக்கக் கிறவல் வீதியில் ஓடிய வண்டி அது. செம்மண் புழுதி உள்ளே போய்விட்டது என்று உடனே முடிவு கட்டியது இரண்டாம் சறுக்கல். திரும்பவும் ஒரு சோடி 6205, வெளியே கம்பளி வளையம் ஒன்று, செலவு 2,700. அது 900 கி.மீ. கூடத் தாங்கவில்லை.

மார்கழியில் கழற்றியபோதுதான் நிதானமாகப் பார்த்தோம். றப்பர் மூடியின் உதடு நல்லாக இருந்தது. மூடிக்கு வெளியே ஒட்டிய சேற்றையும் உள்ளிருந்த செந்நிறக் கிறீஸையும் தனித்தனியே விரலில் உரசியபோது வித்தியாசம் தெரிந்தது. வெளியிலிருந்தது நறநறத்தது. உள்ளிருந்தது குங்குமம் போல வழுவழுத்தது. அது புழுதி அல்ல, உருக்கே உருக்கோடு உரசி உண்டான கறள் தூள். வெளிவளையத்தைக் கிறைண்டரால் வெட்டிப் பிரித்தால் குண்டோடும் பாதையில் குறுக்குக்குறுக்காக வடுக்கள். சில மங்கல், சில ஆழம். ஆழமானவற்றின் இடைத்தூரம் ஒன்பது குண்டுகளின் இடைவெளியோடு அப்படியே பொருந்தியது. ஓடித் தேய்ந்த பெயாரிங்கில் பாதை முழுக்க ஒரேமாதிரி மங்கியிருக்கும், அல்லது செதில் பெயர்ந்திருக்கும். இது ஓடித் தேய்ந்தது அல்ல. நின்று தேய்ந்தது.

அதை உறுதிப்படுத்த ஒரு சோதனை, செலவில்லாதது. ஹப்பின் முகத்திலிருந்து அச்சின் முனை வரை வெண்கட்டியால் ஒரு நேர்கோடு கீறி, வண்டியை நேராக 50 மீற்றர் தள்ளினோம். இந்த ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.3 மீற்றர் போகும், ஆகவே 38 சுற்று. கோடு இரண்டாகப் பிரிந்து நின்ற தூரம் ஒரு விரலகலம்கூட இல்லை.

விசயம் இதுதான். இடது சில்லோடு அச்சும் சுழல்கிறது. நேர்வீதியில் வலது சில்லும் அதே வேகத்தில் சுழல்கிறது. ஆகவே வலது ஹப்பிலுள்ள பெயாரிங்கின் உள்வளையமும் வெளிவளையமும் சேர்ந்தே சுற்றுகின்றன, நடுவிலுள்ள குண்டுகள் உருளுவதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் பாரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் ஒவ்வொரு குண்டின்மேலும் ஏறி இறங்குகிறது. ஒரு கிலோமீற்றருக்கு 770 தரம், அதே குண்டு, ஏறத்தாழ அதே இடம். குண்டு உருண்டால்தான் கிறீஸை இழுத்துத் தன் அடியில் போடும். உருளாதபோது கிறீஸ் பிதுங்கி விலகிவிடும், வெறும் உருக்கு உருக்கைக் குத்தும். வளைவில் மட்டும்தான் அந்தப் பெயாரிங் உண்மையில் வேலை செய்கிறது. பரந்தன் முல்லைத்தீவு வீதி போன்ற நீட்டு நேர்வீதியில் வளைவு எத்தனை வரும்? ஒழுங்கைக்கு ஒழுங்கை திரும்பி ஓடும் வண்டியில் இது இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு மேல் விலைகூடிய பெயாரிங் தேடுவதில் பயனில்லை. உருளாத இடத்தில் குண்டுப் பெயாரிங்குக்கு வேலையே இல்லை. அந்த இடம் புஸ்ஸுக்கு (குண்டில்லாத வெறும் உலோகக் குழாய்) உரியது. மெதுவாக, எப்போதாவது சுழலும் பாரத்தைப் பரந்த மேற்பரப்பில் தாங்க, கிறீஸ் போட்ட கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) புஸ் போதும்.

லேத்காரரிடம் கொடுத்த அளவு: புஸ் இரண்டு, ஒவ்வொன்றும் 30 மி.மீ. நீளம். முதல் 15 மி.மீ. வெளிவிட்டம் 52, அது பெயாரிங் இருந்த கூட்டில் இறுகி அமரும். மிச்சம் 15 மி.மீ. 43க்குக் கடைந்து ஹப்பின் நடுத்துவாரத்துக்குள் போகும், எங்கள் ஹப்பில் அந்தத் துவாரம் 44. ஹப்பின் முழு நீளம் 88, எனவே நடுவில் 28 மி.மீ. வெற்றிடம் கிறீஸ் அறையாக மிஞ்சும். உள்துளையை ஹப்பில் அடித்து இறக்கிய பிறகே கடைசி அளவுக்குக் கடைய வேண்டும். முதலே கடைந்துவிட்டால் இறுக்கத்தில் புஸ் சுருங்கி அச்சில் ஏறாது. இது லேத்காரர் சொன்னது, சொல்லாவிட்டால் கன்மெட்டல் வீணாகியிருக்கும். அச்சை 400 எமறித் தாளால் சுற்றிச் சுற்றி மினுக்கிய பிறகு 24.97, புஸ்ஸின் துளை 25.07. இடைவெளி 0.10. இதைவிடக் குறைத்தால் கிறீஸ் போக வழியில்லை.

இடைக்குழாய் இனி வேண்டாம். ஆனால் பக்கவாட்டுத் தள்ளலுக்கு ஏதாவது வேண்டும். மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும், அதனால் பாரம் சில்லின் நேராக இறங்கும். மூன்று சில்லு வண்டி சாயாது. வளைவில் முழுப் பாரமும் ஹப்பைப் பக்கவாட்டில் தள்ளும். ஆகவே ஹப்பின் இரண்டு முகத்திலும் 3 மி.மீ. கன்மெட்டல் வோசர். முன்பு நட்டுக்கு அடியில் சும்மா அடுக்கியிருந்த இரண்டு 3 மி.மீ. இரும்பு வோசரை எடுத்ததால் அந்த 6 மி.மீ. சரியாகப் பொருந்தியது.

நட்டில்தான் அவதானம் வேண்டும். பெயாரிங் இருந்தபோது நட்டை இறுக்க முடிந்தது. புஸ்ஸில் இறுக்கினால் சில்லு பிடித்துவிடும். சுயமாக நிற்க வேண்டிய சில்லு அச்சோடு பிடித்தால் இரண்டு சில்லும் ஒன்றாகி, வளைவில் ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே தள்ளும். நிலத்தில் கால் ஊன்றித் தப்ப முடியாதவர் ஓடும் வண்டியில் அது விளையாட்டல்ல. நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, ஹப்புக்கும் வோசருக்கும் நடுவில் 0.3 மி.மீ. அளவுத் தகடு நுழையும் இடத்தில் நிறுத்தி, ஸ்பிளிட் பின் (நட் கழராமல் தடுக்கும் இரட்டைக்கால் ஊசி) போட்டு இரண்டு காலையும் மடக்கியது. நட்டில் பின்னுக்கான வெட்டு இல்லாவிட்டால் வெட்டுள்ள நட் வாங்குங்கள். இரட்டை நட்டை நம்ப வேண்டாம்.

கிறீஸ் நிப்பிள் (கிறீஸ் அடிக்கும் முனை) ஹப்பின் நடுவில். கிறீஸ் முல்லைத்தீவில் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. கடலுக்கென்று செய்தது, தண்ணியில் கழுவுப்படாது. தை மாதம் குளம் வான் பாய்ந்து வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடும்போது ஹப் முழுதாகத் தாழும். ஓடிச் சூடேறிய ஹப் குளிர்ந்த தண்ணிக்குள் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கித் தண்ணியை இழுக்கும். றப்பர் மூடிய பெயாரிங்கில் போன தண்ணி வெளியே வராது. புஸ்ஸில் புதுக் கிறீஸை அடித்தால் பழசும் தண்ணியும் இரண்டு பக்கத்தாலும் பிதுங்கி வரும். 300 கி.மீ.க்கு ஒருக்கால், வெள்ளத்தில் இறங்கினால் அன்றே, சுத்தமான கிறீஸ் வெளியே தெரியும் வரை அடிக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றின் செலவு: கன்மெட்டலும் லேத்கூலியும் வோசரும் சேர்த்து 9,500, நிப்பிள் 150, கிறீஸ் 1,100. ஆக 10,750 ரூபா. வீணானது இரண்டு சோடி 6205, இடைக்குழாய், கம்பளி வளையம், 6,200 ரூபா. ஆவணியிலேயே அந்த வெண்கட்டிக் கோட்டைக் கீறியிருந்தால் அது வண்டிக்காரரின் சட்டைப்பையில் இருந்திருக்கும்.

சித்திரையில் கழற்றி அளந்தபோது புஸ்ஸின் துளை 25.09, பக்க இடைவெளி 0.3 இலிருந்து 0.4. ரயர் விளிம்பில் அரை மி.மீ. அளவு ஆட்டம் தெரியும். அது ஆரம்பத்திலேயே இருந்தது, இருக்கத்தான் வேண்டும். பெயாரிங் ஆட்டம் என்று நினைத்து யாரும் நட்டை இறுக்கிவிடாமல் மட்கார்ட்டின் உள்பக்கம் பெயின்றால் எழுதிவைத்தோம்.

புதிதாகச் சட்டம் கட்டும் வண்டியென்றால் இப்படிச் செய்யமாட்டேன். வலது சில்லுக்குச் சுழலாத குட்டை அச்சு ஒன்றைச் சட்டத்திலேயே வெல்டிங்கில் ஒட்டி, அதில் பெயாரிங் போடுவேன். அங்கே உள்வளையம் நிற்கும், வெளிவளையம் சுழலும், குண்டுகள் ஒழுங்காக உருளும்.

இந்த வண்டியில் அடுத்த முறை மாற்ற வேண்டியது நிப்பிள். அது சில்லுத் தட்டுக்குப் பின்னால் போய்விட்டது. கிறீஸ் கன்னைப் பிடிக்க மட்கார்ட்டுக்குக் கீழே படுக்க வேண்டியிருக்கிறது, வண்டிக்காரரால் அது தனியே முடியாது. அச்சின் முனையிலிருந்து நடுவழியே 5 மி.மீ. துளையை 75 மி.மீ. ஆழத்துக்கு இறக்கி, கிறீஸ் அறையில் திறக்க ஒரு குறுக்குத் துளை போட்டால் நிப்பிளை அச்சு முனையிலேயே வைக்கலாம். சின்ன வாங்கில் இருந்தபடி, வெளிப்பக்கத்திலிருந்து, அவரே கிறீஸ் அடிக்கலாம். வைகாசியில் அச்சைக் கழற்றும்போது அதைச் செய்வதாக இருக்கிறோம்.